லூயிஸ் கொள்கையும் தோட்டத் தொழிலாளியும்

மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் லூயிஸ் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையை ஒதுக்கிவிட்டு ஏழை நாடுகளின் பொருளாதார வளர்ச்சியை ஆராய்தல் இன்றும் இயலாது. செயின்ட் லூசியா என்னும் சிறு தீவிற் பிறந்த அவ்வறிஞர், 1979-இல் தியோடர் ஷுல்ட்ஸ் என்பாருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் கொள்கை எளியது. வேளாண்மையில் தேவைக்கு மிஞ்சிய கைகள் தங்கிக் கிடக்கின்றன. ஆலையும் சுரங்கமும் தோட்டமும் அவற்றை ஈர்க்கும். அக்கைகள் தீருமட்டும் கூலி ஏறாது. இலாபம் மீண்டும் முதலாகித் தொழில் பெருகும்.

மிஞ்சிய கைகள் என்பதே பொய், 1918-19 விஷக்காய்ச்சலில் இந்தியாவில் மக்கள் மாண்டபோது பயிரிட்ட நிலமும் குறைந்ததே என்று ஷுல்ட்ஸ் 1964-இல் மறுத்தார். அமர்த்தியா சென் அதனை மறுத்தெழுதினார். அவ்வழக்கு நிற்க.

கட்டுரையின் உயிர்நிலை, பலர் படியாது விடும் பிற்பகுதியே. கரும்புத் தோட்டத்தில் விளைச்சல் எத்துணைப் பெருகினும் தொழிலாளியின் கூலி ஏன் பெருகவில்லை? அவன் கூலியை அறுதியிடுவது கரும்பன்று. அவன் விட்டுவந்த ஊரின் வயல். மிகுந்த விளைச்சலின் பயன் மலிந்த விலையாகி, வாங்கும் நாட்டுக்கே போய்ச் சேர்ந்தது. பால்மரத்துக்கும் இது பொருந்துமன்றோ? வயல் நலிந்திருப்பதே தோட்ட முதலாளிக்கு ஆதாயம் என்பதையும் லூயிஸ் மறைத்தாரில்லை.

ஆயினும் ஒரு பெருங்குறை உண்டு. தேர்ச்சி பெற்ற தொழிலாளர் போதாமை தற்காலிகத் தடையே, முதலாளியோ அரசோ விரைவில் பயிற்றுவித்துக்கொள்வர் என்று சில வரிகளில் அதனைக் கடந்துவிடுகிறார். பின்னாளில் மேற்கிந்தியத் தீவுகளின் பல்கலைக்கழகத்துக்கே தலைமை தாங்கியவர் இவ்வாறு எழுதியது வியப்பே. மலாயாவில் நடந்தது யாது? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளிகள் தோன்றின. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ ஆசிரியரானார். பிள்ளையைத் தேர்ச்சியுள்ளவனாக்கும் செலவு தோட்டத்துக்கு, அவன் உழைப்பின் பயன் வேறோர் ஆலைக்கு என்றால் எந்த முதலாளி இசைவான்? பின்னர்ச் செம்பனையும் வீடமைப்பும் பால்மரத்தை அகற்றியபோது, வெளியேறிய குடும்பங்கள் பல நகரோரப் புறம்போக்கில் குடிசையிட்டன. கைகள் இருந்தன, ஆலை கேட்ட தேர்ச்சி இல்லை.

உள்நாட்டில் மலிந்த கைகள் அருகினால் முதலாளி குடியேற்றத்தை நாடுவான் என்று லூயிஸ் கூறியதோ அப்படியே பலித்தது. இன்று மலேசியத் தோட்டங்களில் வேலை செய்வோரிற் பெரும்பாலோர் அயல்நாட்டினர்.