ஷூவுக்குள் ஒளித்த வெண்ணெய்

சாப்பாட்டுத் தட்டில் வந்த வெண்ணெயில் ஒரு துண்டை யாருக்கும் தெரியாமல் எடுத்து ஷூவின் முனைக்குள் வைத்துக்கொள்கிறாள் ஒரு பெண். இரவில் அறைக்கு வந்ததும் அதை முகத்திலும் கைகளிலும் தேய்த்துக்கொள்கிறாள். முகத்துக்கு கிரீம் பூசிக்கொள்ள அவளுக்கு அனுமதியில்லை. அரசுக்கு வேண்டியது அவளுடைய கருப்பை; தோல் வறண்டால் அதற்கென்ன? மார்கரெட் அட்வுட் 1985இல் வெளியிட்ட 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் சவுக்கும் தூக்குக் கயிறும் உண்டு. ஆனாலும் படித்து வெகு காலம் கழித்தும் மனதை விட்டுப் போகாதது இந்த வெண்ணெய்த் துண்டுதான்.

கதை நடக்கும் கிலியத் நாட்டில் குழந்தைப்பேறு அருகிப்போய்விட்டது. பிள்ளை பெறக்கூடிய பெண்களைச் சேடிகளாக்கி, உயரதிகாரிகளின் வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது அரசு. நாயகி ஆஃப்ஃபிரெட், அதாவது ஃபிரெட்டுடையவள். வீடு மாறினால் பெயரும் மாறிவிடும். இத்தனையும் தொடங்கிய நாள் மிகச் சாதாரணமானது. கடையில் சிகரெட் வாங்கப் போகிறாள், அவளுடைய அட்டை செல்லவில்லை. அன்றே நூலக வேலையும் போகிறது. பெண்களின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டு, பணம் கணவன் அல்லது நெருங்கிய ஆண் உறவினர் கைக்குப் போகிறது. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கணவன் அன்போடுதான் சொல்கிறான். அந்த அன்பைக் கேட்கும்போதே நமக்கு வயிறு கலங்குகிறது.

வருங்காலத்தை முன்கூட்டியே சொன்ன நாவல் என்று இதைப் புகழ்வது வழக்கம். அட்வுட் செய்ததோ நேர்மாறு. 1984இல் மேற்கு பெர்லினில், வாடகைக்கு எடுத்த ஜெர்மானியத் தட்டச்சுப் பொறியில் எழுதத் தொடங்கியபோது, மனித வரலாற்றில் எங்கேனும் நடக்காத எதையும் கதையில் சேர்ப்பதில்லை என்று அவர் விதி வைத்துக்கொண்டார். உதாரணமாக, ருமேனியாவை ஆண்ட சௌசெஸ்குவின் 1966ஆம் ஆண்டு ஆணை 770, ஒருசில விதிவிலக்குகள் தவிரக் கருக்கலைப்பைத் தடை செய்தது. பின்னர் தொழிற்சாலைப் பெண்கள் கருவுற்றிருக்கிறார்களா என்று பரிசோதிக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. திருட்டுத்தனமாகக் கருக்கலைப்பு செய்துகொண்டு ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் புதிய அரசு உடனடியாக நீக்கிய சட்டங்களில் அந்த ஆணையும் ஒன்று.

அட்வுட்டுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்தவர் இங்கிலாந்தின் கேதரின் பர்டெகின். அவருடைய 'ஸ்வஸ்திகா நைட்' 1937இல், இரண்டாம் உலகப்போருக்கு முன்பே வந்துவிட்டது. ஹிட்லரின் ஆட்சி எழுநூறு ஆண்டுகளாக நீடிக்கும் உலகம் அது. பெண்கள் தலை மழிக்கப்பட்டு, மந்தைபோல் அடைக்கப்பட்டு, பிள்ளை பெறுவதற்காக மட்டுமே வைக்கப்பட்டிருக்கிறார்கள். பர்டெகின் அதை மர்ரே கான்ஸ்டன்டைன் என்ற ஆண் பெயரில் வெளியிட்டார். 1963இல் அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் உண்மைப் பெயர் வாசகர்களுக்குத் தெரியவந்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' அடைந்த புகழில் நூறில் ஒரு பங்குகூட இந்த நாவலுக்குக் கிடைக்காதது பெரும் அநியாயம்.

மொழியைக் கையில் எடுத்தவர்களும் உண்டு. மொழியியலாளரான சூசெட் ஹேடன் எல்ஜின், 'நேட்டிவ் டங்' (1984) நாவலுக்காக லாதன் என்ற ஒரு மொழியையே உருவாக்கினார். உரிமை பறிக்கப்பட்ட பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ரகசியமாகக் கட்டும் மொழி அது. கிறிஸ்டினா டால்ச்சரின் 'வாக்ஸ்' (2018) பெண்களுக்கு நாளொன்றுக்கு நூறு சொற்கள்தான் என்று அளந்து கொடுக்கிறது. கரு நல்ல கரு. பின்பாதியில் நாவல் சாதாரண விறுவிறுப்புக் கதையாகச் சுருங்கிவிடுகிறது.

2017இல் டெக்சாஸ் சட்டமன்றத்துக்குச் சில பெண்கள் அட்வுட்டின் சேடிகளைப்போல் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தொப்பியும் அணிந்து போனார்கள். அடுத்த ஆண்டு அர்ஜென்டினாவிலும் கருக்கலைப்பு உரிமை கேட்டு அதே உடையில் பெண்கள் திரண்டார்கள். 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை ரத்து செய்தது. அட்வுட் மீதான ஒரு விமர்சனத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிள்ளை பெறக் கட்டாயப்படுத்துவது, பெற்ற பிள்ளையைப் பறிப்பது, பெயரை அழிப்பது ஆகிய எல்லாமே அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்களுக்கு நடந்தவை. நாவலோ கறுப்பின மக்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டதாக ஒரு செய்தியோடு நிறுத்திக்கொள்கிறது. நியாயமான குறை இது.

நம் துணைக்கண்டத்தில் இவ்வகை எழுத்தின் தொடக்கம் இருளில் இல்லை. வங்காளத்தின் ரொக்கையா சகாவத் ஹுசைன் 1905இல் எழுதிய 'சுல்தானாஸ் டிரீம்' கதையில் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், ஆண்கள் அந்தப்புரத்தில் இருக்கிறார்கள். அந்தக் கதை அச்சேறியது சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில்!

ஒரு நூற்றாண்டு கழித்து வந்த மஞ்சுளா பத்மநாபனின் 'எஸ்கேப்' (2008) நாவலில் பெண்களே இல்லை, அழித்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரே சிறுமியை அவளுடைய உறவுக்கார ஆண்கள் மூவர் ஒளித்து வளர்க்கிறார்கள். இதை வெறும் கற்பனை என்று தமிழ் வாசகரால் தள்ளிவிட முடியாது. உசிலம்பட்டியில் பெண் சிசுக்களைக் கொல்லப் புகட்டிய கள்ளிப்பாலை நாம் மறக்கவில்லை. அந்தக் கொலைகளைத் தடுக்கத் தமிழகத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் வந்தது. ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் இந்தியாவில் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001இல் அது 927 ஆனது.

ஒனாசிஸ் பரிசு பெற்ற 'ஹார்வெஸ்ட்' நாடகமும் பத்மநாபன் எழுதியதே. மும்பையின் ஓர் ஏழைக் குடும்பம் பணக்கார நாட்டவருக்கு உடலுறுப்பு விற்க ஒப்பந்தம் போடுகிறது. கடைசியில் அந்நியன் ஒருவன், தூரத்தில் இருந்தபடியே அந்த வீட்டு மருமகள் ஜெயாவின் வயிற்றில் தன் பிள்ளையை வளர்க்கக் கேட்கிறான். அவள் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள்: வேண்டுமானால் நேரில் வா, கதவைத் தட்டு, இல்லையென்றால் செத்துப்போவேன் என்கிறாள். இந்த வகை எழுத்தைப் புதிதாகப் படிக்க விரும்புகிறவர்கள் ஜெயாவிடமிருந்து தொடங்கலாம். அட்வுட்டை அதற்கடுத்துப் படிக்கலாம்.