எண்ணும் எச்சரிக்கையும்: பேரண்டப் பொருட்பரவல் பற்றிய ஓர் ஆய்வுரையின் மதிப்பீடு

பேரண்டத்திலுள்ள பொருள் எங்கெங்கு எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்னும் வினாவிற்கு 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுரை எண்களால் விடை கூறிற்று. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மார்க்குஸ் ஹைடரும் அவர்தம் உடனாய்வாளரும் எழுதிய இவ்வுரை, இங்கிலாந்தின் அரச வானியல் கழகத்தார் நடத்தும் இதழில் இடம்பெற்றது. இன்றளவும் எடுத்தாளப்பெறும் அதன் முடிவுகளை எவ்வளவிற்கு ஏற்கலாம் என ஆராய்வதே நம் நோக்கமாகும்.

முதற்கண் வினாவின் தன்மையை விளங்கிக்கொள்வோம். விண்மீனும் கோளும் நம் உடலும் அணுக்களால் ஆனவை. இதனை இயல்புப்பொருள் என்போம். இதனினும் ஐந்து மடங்கிற்கு மேற்பட்ட அளவில் கரும்பொருள் உளது. ஒளியை உமிழாத இப்பொருளை அதன் ஈர்ப்பினால் மட்டுமே அறிகிறோம். கோமா திரள்கொத்திலுள்ள விண்மீன் திரள்களின் விரைவைக் கண்டு, புலப்படாத பொருள் அங்கு மிகுதியாக இருத்தல் வேண்டும் என 1933ஆம் ஆண்டில் பிரிட்ஸ் சுவிக்கி கருதினார். கரும்பொருள் மட்டுமன்று, இயல்புப்பொருளும் எளிதில் அகப்படுவதில்லை. அதில் விண்மீன்களாகத் திரண்டிருப்பது பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவே. எஞ்சியது பெரிதும் மெல்லிய வாயுவாகப் பரவியுள்ளது. அதில் ஒரு பெரும்பகுதி எங்கே என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது.

ஹைடர் குழுவினர் வானத்தை நேரே அளக்கவில்லை. 2014ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட 'இலஸ்ட்ரிஸ்' என்னும் கணினி மாதிரியை எடுத்துக்கொண்டனர். ஒரு பக்கம் ஏறத்தாழ 35 கோடி ஒளியாண்டு நீளமுள்ள கனசதுர வெளியில், ஈர்ப்பும் வாயுவின் இயக்கமும் கருந்துளைகளின் ஆற்றலும் சேர்ந்து பொருளை எவ்வாறு அமைக்கும் என்பதை அம்மாதிரி கணக்கிடுகிறது. அவ்வெளியைக் கரும்பொருளின் அடர்த்திக்கேற்பச் செறிவுகள், இழைகள், வெறுமைகள் என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள பொருளை அவர்கள் கணக்கிட்டனர். செறிவுகளில் கரும்பொருளின் 49 விழுக்காடும் இயல்புப்பொருளின் 23 விழுக்காடும் உள்ளன. இழைகளில் முறையே 45, 46 விழுக்காடு உள்ளன. வெறுமைகளிலோ கரும்பொருளின் 6 விழுக்காடே இருக்க, இயல்புப்பொருளின் 31 விழுக்காடு காணப்படுகிறது. இதில் பெரும்பகுதியைத் திரள்களின் நடுவிலுள்ள கருந்துளைகளின் ஆற்றலே அங்குத் தள்ளிற்று என்பது அவர்தம் முடிவு.

இவ்வாய்வுரையின் சிறப்பை முதலில் கூறுதல் முறை. கரும்பொருள் உள்ள இடத்திலெல்லாம் இயல்புப்பொருளும் அதே விகிதத்தில் உடனிருக்கும் எனக் கொள்ளுதல் எளிது. ஆனால் அது தவறு. கரும்பொருளை இயக்குவது பெரிதும் ஈர்ப்பு ஒன்றே. வாயுவோ வெப்பத்தால் விரியும், மோதலால் தடைபடும், கருந்துளையின் ஆற்றலால் வெளியே வீசப்படும். 2006ஆம் ஆண்டில் ஆராயப்பட்ட 'புல்லட்' திரள்கொத்தில் இதனைக் கண்கூடாகவே காண்கிறோம். அங்கு இரு கொத்துகள் மோதியபோது வாயு பின்தங்க, பொருண்மையின் பெரும்பகுதி அதனைக் கடந்து சென்றுவிட்டது. இப்பிரிவினைப் பேரண்டம் முழுமைக்கும் கணக்கிட முயன்றமை ஹைடர் குழுவினரின் பணியாகும்.

எனினும் 31 என்னும் எண்ணை அவ்வண்ணமே ஏற்றல் இயலாது. இலஸ்ட்ரிஸ் மாதிரியில் கருந்துளைகளின் தாக்கம் பெருஞ்செறிவுகளைப் பொறுத்தவரை அளவுக்கு மிஞ்சியது என்றும், எனவே இவ்வளவு மிகையாக இருக்கக்கூடும் என்றும் ஆசிரியர்களே தம் சுருக்கவுரையில் எழுதியுள்ளனர். இந்நேர்மை பாராட்டிற்குரியது. ஆயினும் எவ்வளவு மிகை என்பதை அச்சுருக்கவுரை கூறவில்லை. எண் திட்டமாக நிற்க, அதன் மீதான ஐயம் அளவின்றி நிற்கிறது. இத்தகைய இடத்தில் படிப்போர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தை விட்டுவிடுதல் இயல்பே. 2018 முதல் முடிவுகள் வெளிவந்த அடுத்த மாதிரித் தொகுதியில், கருந்துளை ஆற்றல் செயற்படும் முறையே மாற்றி அமைக்கப்பட்டது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

வானத்தின் சான்று யாது? தொலைதூரத் திரள்களிலிருந்து நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கே நிலைக்கும் வானொலித் துடிப்புகள் வருகின்றன. அவை வழியிலுள்ள வாயுவைக் கடக்கையில் தாழ்ந்த அதிர்வெண்கள் பிந்தி வருகின்றன. அத்தாமதம் இடைப்பட்ட வாயுவின் அளவை அறிவிக்கிறது. இத்தகைய 69 துடிப்புகளை ஆராய்ந்து 2025ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இயல்புப்பொருளின் ஏறத்தாழ 76 விழுக்காடு திரள்களுக்கு இடைப்பட்ட வெளியில் உளது என்றது. ஹைடரின் இழைகளையும் வெறுமைகளையும் கூட்டினால் 77 வருகிறது. கணினி கூறியதை வானம் உறுதிசெய்தது என்று முழங்க இதனினும் நல்ல வாய்ப்பு வேண்டுமோ?

ஆனால் அவ்வாறு முழங்குதல் தகாது. புதிய அளவீட்டில் ஏறத்தாழ பத்து விழுக்காட்டளவு கூடவோ குறையவோ இடமுண்டு. இரு ஆய்வுகளும் எல்லைகளை வகுத்த முறையும் ஒன்றன்று. இவற்றினும் முக்கியமானது, அந்த 76இல் இழையின் பங்கு யாது, வெறுமையின் பங்கு யாது என்பதை அவ்வளவீடு பிரித்துக் காட்டவில்லை. கூட்டுத்தொகை ஒத்திருப்பதால் உறுப்புகளும் மெய்யெனக் கொள்ளுதல் வழுவாகும்.

மூலத்தையும் அதன் பிற்காலப் படிகளையும் ஒப்பிட்டுப் பழகிய நம் வாசகர்க்கு இம்முறை புதியதன்று. அறிவியல் எண்களை மேடையில் எடுத்தாள நேரும்போதும் அதே விழிப்பு வேண்டும். இயல்புப்பொருளின் பெரும்பகுதி திரள்களுக்கு வெளியே உளது எனலாம். இதற்கு அளவீடு சான்று. அது கரும்பொருளுடன் எங்கும் ஒத்துப் பரவவில்லை எனலாம், இதற்கும் சான்றுண்டு. வெறுமைகளில் 31 விழுக்காடு உளது எனக் கூறுவோர், அது ஒரு மாதிரியின் கணக்கு என்பதையும் அதன் ஆசிரியர்களே அதனை மிகையென ஐயுற்றனர் என்பதையும் உடன் கூறக் கடவர்.