எல்லிஸ் ஆர். டங்கன்: மொழியறியாதவர் இயக்கிய பக்திப் படம்

கலைக்கு மொழி தேவையில்லை என்னும் கூற்று நம்மிடையே எளிதாக வழங்கிவருகின்றது. தமிழறியாமலே தமிழ்ப் படங்களை இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கனை அதற்குச் சான்றாகக் காட்டுவாருமுண்டு. அவர் பணியைக் கூர்ந்து நோக்கின், இக்கூற்று பாதியே உண்மை என்பது நம் துணிபு. வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் தமிழுமாக வாழும் மக்கள் நிறைந்த இராஜபாளையத்திலும், ஆண்டாள் பாடிய ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஊழியஞ் செய்வோருக்கு இவ்வாராய்ச்சி புறம்பானதன்று.

1909இல் ஒஹாயோ மாநிலத்திற் பிறந்த டங்கன், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்றார். உடன் பயின்ற மாணிக் லால் டாண்டனின் அழைப்பினால் 1935இல் இந்தியா வந்தார். சிறிது காலம் தங்க வந்தவர் 1950வரை இங்கேயே பணியாற்றினார். எனினும் தமிழைக் கற்றுத் தேர்ந்தாரில்லை. உரையாடலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையிற்கொண்டு, உதவியாளர் வாயிலாகவே நடிகரை நடத்தினார்.

அவர் இயக்கி 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யிலேயே எம்.ஜி.ஆர். முதன்முதல் திரையில் தோன்றினார். குடியினால் சிதையும் குடும்பமே அதன் பொருள். எஸ். எஸ். வாசன் எழுதிய அக்கதை, திருமதி ஹென்றி உட் என்னும் ஆங்கில நாவலாசிரியையின் மதுவிலக்கு நாவலொன்றைத் தழுவியது. ஆதலின், அக்கதையுலகம் டங்கனுக்கு முற்றும் அந்நியமன்று. 1937இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’யிலோ, ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகக் காட்சிகளை அவர் முன்மாதிரியாகக் காட்ட, இளங்கோவன் அவற்றின் சாயலைத் தமிழ் உரையாடலாக்கினார். காட்சி ஒருவருடையது, சொல் மற்றொருவருடையது. டங்கனின் பணிமுறை இங்கே தெளிவாகின்றது.

இம்முறையின் உச்சம் 1945இல் வெளிவந்த ‘மீரா’. டி. சதாசிவம் தயாரித்த அப்படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி மீராவாக நடித்தார். படப்பிடிப்புக்கு முன்னரே அவருடைய மார்பளவு உருவச்சிலையொன்றைச் செய்வித்து, எக்கோணத்தில் எவ்வொளி படவேண்டுமென்று டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் சோதித்துப் பார்த்தனர். பொருள் விளங்காத பாடலைப் பாடும் முகத்தை இத்துணைப் பொறுமையுடன் கற்றவர் அவர். நாடக மேடையின் நேர்முகத் தோற்றத்திலிருந்து தமிழ்ப் படம் விலகி, முகத்தின் அமைதியையே பேச வைத்ததில் அவர் பங்கு பெரிது.

ஆயினும் அம்முகம் பேசியது எவர் மொழியில்? கல்கி எழுதிய பாடல்கள், எஸ். வி. வெங்கட்ராமனின் இசை, மதுரையிற் பிறந்த பாடகியின் குரல் ஆகியவை தமிழருடையவை. அதற்கும் மேலாக, இறைவனை மணாளனாகக் கொண்டு ஏங்கும் பெண்ணின் குரல் தமிழ்ச் செவிக்குப் புதிதன்று. மீராவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் திருப்பாவையின் 30 பாசுரங்களிலும் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களிலும் அக்குரலை எழுப்பிவிட்டாள். இராஜபுத்திர அரசியின் கதையைத் தமிழர் தம்முடையதாக ஏற்கப் பண்பட்ட நிலம் இங்கே முன்னரே இருந்தது. டங்கன் விதைத்தார், நிலத்தை உழுதவர் அவரல்லர்.

குறையொன்றும் சுட்டவேண்டும். ஒளியும் இசையும் மீராவை அழகியாக்கிய அளவுக்கு, அரண்மனையைத் துறந்த பெண் அடைந்த இழப்பின் கடுமை மங்கிவிடுகின்றது. ஆண்டாளின் பாடலில் ஏக்கம் சினமாகவும் வெடிக்கின்றது. படத்து மீராவிடம் அது பெரும்பாலும் இனிமையாகவே நிற்கின்றது. சொல்லின் கூர்மையை உணராதவர் முகத்தின் இனிமையையே நம்புவது இயல்பு. பக்தியைக் கண்டு உருகியவர்கள், அது கேட்கும் விலையை எண்ணாமல் வீடு திரும்ப இது இடமளிக்கின்றது.

1950இல் தாயகம் திரும்பிய டங்கன் ஆவணப்படங்கள் எடுத்து வாழ்ந்து, 2001இல் மறைந்தார். தம்மிடம் இல்லாத சொல்லை உடையோரிடம் ஒப்புவித்து, தம்மால் இயன்ற பார்வையைக் குறைவறத் தந்ததே அவரது சிறப்பு. கலைக்கு மொழி தேவையில்லை என்பதை அவர் வாழ்வு நிறுவவில்லை; மொழியுடையோரை மதித்தாலன்றி அந்நியர் பணி வேர்கொள்ளாது என்பதையே நிறுவுகின்றது. மொழியறிந்து பிரசங்கிக்கும் நாமோ, எதிரே அமர்ந்திருப்போரின் முகங்களை அவர் நோக்கிய பொறுமையுடன் நோக்குகின்றோமா என்பது நாம் ஒவ்வொருவரும் விடையளிக்க வேண்டிய வினா.