கண்டெடுத்த முகங்கள்

தோமஸ் ட்வோர்சாக் ஜேர்மனியப் புகைப்படக்காரர். 2001இல் தலிபான் ஆட்சி விழுந்த பின் காந்தஹார் ஸ்டூடியோக்களில் அவர் கண்டெடுத்த படங்கள் 2003இல் 'தலிபான்' என்ற நூலாயின. அவற்றில் ஒன்றும் அவர் பிடித்ததல்ல. உயிருள்ளவற்றைப் படம் பிடிக்கக் கூடாதென்று தடுத்தவர்களின் ஆட்களே, அடையாளப் படத்துக்கு மட்டும் திறந்திருந்த ஸ்டூடியோக்களின் பின்னறையில் நின்று பிடித்துக்கொண்டவை. கையில் துவக்கு, பக்கத்தில் பூ, பின்னால் வரைந்த காட்சித் திரை, கண்ணில் சுறுமா. ஸ்டூடியோக்காரர் கையாலே நிறமும் பூசிக் கொடுத்திருக்கிறார்.

சனத்துக்கு ஒரு சட்டம், துவக்கு வைத்திருப்பவனுக்கு வேறு சட்டம் என்பதை இந்நூல் அம்பலமாக்குகிறது. அந்த வேலை தேவைதான். இசையிலும் கதை இதுவே. பறித்த கசெட்டுகளின் நாடா சோதனைச் சாவடிகளில் தோரணமாகத் தொங்க, வாத்தியமில்லாத தரானாக்கள் இயக்கத்தின் புகழைப் பாடிக்கொண்டிருந்தன.

ஆனால் மேற்கில் பலர் இப்படங்களில் கண்டது வேறு. சுறுமா அவர்களுக்குப் பெண்மையாகத் தெரிந்தது. இரண்டு ஆண்கள் கைகோத்திருப்பது ஏதோ ரகசியமாகத் தெரிந்தது. சுறுமா நமக்குப் புதினமா என்ன? கூட்டாளிமார் கைகோத்து நடப்பது அந்த ஊர்களில் சாதாரண விசயம். சிரிக்க வேண்டிய இடம் அந்த இரட்டைச் சட்டம். அதை விட்டுவிட்டு, ஒரு சமூகத்தின் பழக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இதே வழியில் முன்னர் போனவர் பெர்டோல்ட் பிரெக்ட். பத்திரிகைகளில் வந்த யுத்தப் படங்களை வெட்டியெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் நாலு வரிக் கவிதை எழுதினார். அந்த நூல், 'யுத்த அரிச்சுவடி', 1955இல் வந்தது. 1957இல் ஹான்ஸ் ஐஸ்லர் அக்கவிதைகள் சிலவற்றுக்கு இசையமைத்தார். பிரெக்ட் படத்தைச் சும்மா விடவில்லை. இவனை இங்கே கொண்டுவந்தது யார், இதில் இலாபம் யாருக்கு என்று கேட்டார். சில இடங்களில் படத்திலிருப்பவனையே பேச வைத்தார். சிரித்துவிட்டுப் பக்கம் புரட்ட வாசகனுக்கு இடமில்லை.

காந்தஹார்ப் படங்களில் அந்தக் குரல்தான் இல்லை. அந்த இளைஞர்கள் தங்களுக்கென்று, சொந்தக் காசில், ஆசையாகப் பிடித்த படங்கள் அவை. அவர்கள் செய்த அநியாயம் அதனால் குறைந்துவிடாது. என்றாலும், கண்டெடுத்த படம் கண்டெடுத்தவனின் சொத்தல்ல, அமானிதம். அது என்ன ஊர், என்ன வழக்கம், யார் பயத்தில் யார் ஒளித்துப் பிடித்தது என்பதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அமானிதம் நிறைவேறும். இல்லையென்றால் கலைஞன் இன்னொருவன் முகத்தைக் காட்சிக்கு வைத்தவனாகவே நின்றுவிடுகிறான்.