குறிப்பும் வினாவும்: குறிப்பேட்டு மென்பொருள்கள் பற்றிய ஒரு நோக்கு

குறிப்பெடுப்பதற்கென ஆக்கப்பட்ட மென்பொருள்கள் இன்று பலவாகப் பெருகியுள்ளன. அவற்றைக் கையாள்வோரை அவதானிக்குமிடத்து ஒரு வேறுபாடு புலனாகும். 2008இல் பொதுப் பாவனைக்கு வந்த எவர்நோட்டைப் பயன்படுத்துவோருட் பலர் அதனை ஒரு களஞ்சியமாகவே கொண்டனர். படித்த கட்டுரை, பற்றுச்சீட்டு, சமையற் குறிப்பு யாவும் அதனுட் சென்று சேரும். வேண்டியபோது தேடி எடுக்கப்படும். 2020இல் வெளியான ஒப்சிடியனை நாடுவோர் வேறு வகையினர். ஒரு குறிப்பை மற்றொன்றுடன் இணைப்பதே அவர்தம் நாட்டம். இணைப்புகள் புள்ளிகளும் கோடுகளுமாகத் திரையில் விரியும்போது, தமது சிந்தனையே அங்கு உருப்பெற்றுவிட்டதாக அவர்கள் மகிழ்கின்றனர். இம்மகிழ்ச்சியே ஆராயற்பாலது.

இவர்கள் தமக்கு முன்னோடியாகக் கொள்பவர் ஜேர்மனியச் சமூகவியலாளர் நிக்லஸ் லூமன் (1927–1998). ஏறத்தாழ 90,000 சீட்டுகளை எழுதி இலக்கமிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டி அமைத்தவர் அவர். புதிய சீட்டு, தொடர்புடைய பழைய சீட்டின் பின்னே இடம்பெறும். இலக்கத்துடன் ஓர் எழுத்துச் சேர, அங்கிருந்து புதிய கிளை தோன்றும். 1981இல் வெளிவந்த கட்டுரையொன்றில், இச்சீட்டுப் பெட்டியைத் தம்முடன் உரையாடும் துணையாகவே அவர் கருதினார்.

ஆயின் லூமனைப் போற்றுவோர் பெட்டியைக் கண்ட அளவுக்கு அதன் பின்னிருந்த வினாவைக் கண்டிலர். 1960களின் இறுதியில் பீலபெல்ட் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபோது தமது ஆய்வுத் திட்டத்தை அவர் கூறிய விதம் பிரசித்தமானது: பொருள், சமூகம் பற்றிய கோட்பாடு, காலம், 30 ஆண்டுகள், செலவு, எதுவுமில்லை. அத்திட்டத்தின் நிறைவான பெருநூல் 1997இல் வெளிவந்தது. எதனைக் குறிப்பது, எதனை விடுவது என்பதை அவ்வினாவே தீர்மானித்தது. படித்ததைப் பெயர்த்தெழுதாது, அது தம் வினாவுக்கு என்ன சொல்கிறதென்று தம் மொழியில் எழுதுவதே அவர் வழக்கம். இரு குறிப்புகளிடையே கோடிடுதல் கணப்பொழுதில் முடிவது. அவை ஏன் இணைகின்றன என்று ஒரு வாக்கியம் எழுதுவதோ ஒரு மாலைப்பொழுதையே விழுங்கக்கூடும். திரை காட்டுவது முன்னதை மட்டுமே. ‘இரண்டாவது மூளை’ என்னும் விளம்பர மொழி இவ்வுழைப்பை மறைத்துவிடுகின்றது.

வெறும் சேகரிப்பின் ஆபத்துக்கு வோல்ற்றர் பெஞ்சமினை எடுத்துக்காட்டுவோரும் உளர். பாரிஸ் நகரின் கூரையிட்ட கடைத்தெருக்கள் பற்றி 1927 முதல் அவர் திரட்டிய குறிப்புகள் நூலுருப் பெறாமலே நின்று, 1982இலேயே அச்சேறின. இது நேரிய வாதமன்று. 1940இல், நாசிகளிடமிருந்து தப்பிச் செல்லும் வழியில் அவர் உயிர் துறந்தார். நூல் முற்றுப்பெறாமைக்குக் குறிப்பெடுத்த முறையைக் குறைகூறுவது வரலாற்றை மறப்பதாகும். மேற்கோள்களை அடுக்குவதையே அவர் ஒரு முறையியலாகக் கொண்டார் என்பதும் மனங்கொளத்தக்கது.

ஆகவே சேகரிப்போர் யாவரையும் ஒருங்கே இகழ்தல் தகாது. எவர்நோட்டில் பற்றுச்சீட்டைச் சேமிப்பவர் தாம் செய்வது இன்னதென அறிவார். அதனை அறியாதவர், ஆயிரம் கோடுகள் பின்னிய வரைபடத்தை வியந்து நோக்கியவாறு, தமது கட்டுரையின் முதல் வாக்கியத்தை இன்னும் எழுதாதிருப்பவரே.