பாலத்தின் இக்கரை

ஜான் லெ காரேயின் நாவலை ஒட்டி 1982-ல் பிபிசி ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய 'ஸ்மைலீஸ் பீப்பிள்' தொடரில் துப்பாக்கிக்கு அதிக வேலையில்லை. பிரிட்டிஷ் உளவாளி ஸ்மைலியாக வரும் அலெக் கின்னஸின் மௌனமே பெரும்பாலும் நிகழ்ச்சி.

சோவியத் உளவுத் தலைவன் கார்லா முன்பு ஸ்மைலியைத் தாக்கியது மனைவி ஆன் வழியாக. இப்போது ஸ்மைலி கார்லாவை வளைப்பது, மனம் பிறழ்ந்து ஸ்விட்சர்லாந்தில் ரகசியமாகச் சிகிச்சை பெறும் மகள் வழியாக. கார்லாவைத் தோற்கடிப்பது அவனிடம் எஞ்சிய பாசம். ஸ்மைலியை வெல்லவைப்பது அவன் எதிரியிடம் கற்ற குரூரம். இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். இதில் சித்தாந்தத்துக்கு வேலையில்லை.

பெர்லின் பாலத்தைக் கடந்து வரும் கார்லா, ஆன் கணவனுக்குப் பரிசளித்து எப்போதோ தன் கைக்கு வந்துவிட்ட சிகரெட் லைட்டரைக் கீழே போடுகிறான். ஸ்மைலி குனிந்து எடுப்பதில்லை. வென்றவனுக்கு ஆறுதல் எதையும் தராமல் முடித்துக்கொண்டதுதான் இத்தொடரின் நேர்மை.