ஜவ்வு கிழிந்தவன் பாடி வரும்போது

கபடியில் எல்லோருக்கும் கண் போவது பாய்ச்சலுக்குத்தான். நாலு பேர் தலைக்கு மேல் ஒருவன் பறந்து நடுக்கோட்டைத் தொட்டால் விசிலடிக்காமல் இருக்க முடியாது. ஆனால் முட்டி ஆபரேஷன் முடிந்து திரும்புகிற ஆட்டக்காரனைப் பார்க்கப் போனால், அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அவன் எழும்புவதில் பார்க்க ஒன்றுமில்லை. இறங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது.

பொத்தேரியில் ரயிலை விட்டு இறங்கும் கூட்டத்தில் முக்கால்வாசி எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம் பக்கம் போய்விடும். ஊருக்குள் திரும்பினால் ஒரு மண் திடல். சாயங்காலம் கபடிப் பயிற்சி நடக்கும். வாக்கிங் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து அங்கேயே உட்கார்ந்துவிடுகிறவன் நான். போன வருஷம் ஒரு டோர்னமெண்டில் இடது முட்டி போன பையன், ஆபரேஷன் முடிந்து இப்போது பத்தாவது மாதத்தில் இருக்கிறான். சீசன் தொடங்க ஆறு வாரம். கோச் அண்ணன் அவனை ஓர் அடி உயர சிமெண்டுக் கட்டையிலிருந்து குதிக்கச் சொல்கிறார். குதி, ஏறு, குதி. பத்து நிமிஷமாக இதேதான். முதல் நாள் எனக்குக் கொட்டாவி வந்தது.

அண்ணனோ அவனைப் பார்க்கவே இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நானும் காதைக் கொடுத்த பிறகுதான் புரிந்தது. இரண்டு காலும் சேர்ந்து இறங்கினால் ஒரே ‘தொப்’. நல்ல கால் முந்திக்கொண்டால் ‘தொ-தொப்’. அவனுக்கே தெரியாமல் உடம்பு இடது காலைக் காப்பாற்றுகிறது. அப்புறம் எதிரே வந்து குந்தி உட்கார்ந்து, முட்டியை மட்டும் பார்த்தார்.

“தம்பி, முட்டி உள்ள போகுது.”

“இல்லண்ணே, நேராத்தான் இருக்கு.”

“நான் பாத்துட்டுதான இருக்கேன். ரெண்டாவது வெரலுக்கு நேரா வரணும்.”

கிழிந்தது ஏ.சி.எல். என்கிற ஜவ்வு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே குறுக்காகப் போகும். கீழ்க்கால் முன்னால் நழுவாமலும் அளவுக்கு மேல் திருகாமலும் இழுத்துப் பிடிக்கும். இது கிழிய யாரும் வந்து மோத வேண்டியதில்லை. ஓடுகிற வேகத்தில் காலை ஊன்றித் திரும்பினாலே போதும். ‘கபடி கபடி’ என்று பாடிப் போகிறவனுக்கு, அதாவது ரெய்டருக்கு, அந்த ஊன்றித் திரும்புவதுதானே பிழைப்பு! மண் தரையில் வெறுங்கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். ‘மேட்’ விரிப்பில் ஷூ அப்படியே கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. நடுவில் மாட்டிக்கொள்வது முட்டி.

ஆபரேஷனில் பெரும்பாலும் அடிபட்டவனுடைய பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புது ஜவ்வாகக் கோத்துவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், தையல் காய்ந்து, வீக்கம் வற்றி, ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று அவனுக்கே தோன்றுகிற இரண்டாம் மூன்றாம் மாதத்தில்தான் உள்ளே வைத்த நார் ரொம்பப் பலவீனமாக இருக்கும். ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைவதாக 2016-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. சீக்கிரம் வந்துவிட்டான் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் கைதட்டுவதில்லை.

திரும்ப ஆடலாமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: ஒற்றைக்கால் தாண்டலில் நல்ல கால் 180 சென்டிமீட்டர் போனால், அடிபட்ட கால் 162-ஆவது போக வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு என்பது பொதுவான கணக்கு. இதில் ஒரு ஏமாற்று உண்டு. மாசக்கணக்கில் ஓடாமல் கிடந்ததில் நல்ல காலும்தான் இளைத்திருக்கும். ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில் சிட்னி அணியின் அலெக்ஸ் ஜான்சன் 2012-இல் சாம்பியன் ஆனவர். அதன்பிறகு ஒரே முட்டியில் ஆபரேஷன் மேல் ஆபரேஷன். 2,136 நாள் கழித்து 2018-இல் களத்துக்குத் திரும்பினார். இரண்டாவது ஆட்டத்திலேயே இன்னொரு முட்டி போய்விட்டது. அதனால் நல்ல காலையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் கதை பவன் ஷெராவத்துடையது. ‘ஹை ஃப்ளையர்’ என்று பெயர் வாங்கியவர். ப்ரோ கபடி லீக்கின் 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி கொடுத்து எடுத்தது. அக்டோபர் 8, பெங்களூரு, குஜராத்தோடு அந்த சீசனில் தலைவாஸின் முதல் ஆட்டம். பாதி ஆட்டம் முடிவதற்குள் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்த சீசனே போயிற்று. அடிபட்டது பாடிப் போய், பறந்து விழுந்ததில் இல்லை. பாடி வந்த சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போனபோது! எல்லோரும் பயந்த இடம் ஒன்று, அடி விழுந்த இடம் வேறு. அவர் இல்லாமலேயே தலைவாஸ் அந்த வருஷம் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. ரசிகனாக எனக்கு அதில் பாதி சந்தோஷம், பாதி சங்கடம். 2023 ஜூனில் புசானில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியக் கேப்டனாக வந்து கோப்பையைத் தூக்கினார். அக்டோபர் 7, ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். அடிபட்டு ஒரு வருஷம் முடிய ஒரு நாள் பாக்கி. 28–28, கடைசி நேரம், புள்ளி எடுக்காவிட்டால் அவுட் என்கிற டூ ஆர் டை ரெய்டு, பாடிப் போனது அவரேதான். லாபி என்கிற ஓரப் பட்டையின் விதியைப் பற்றி நடுவர்களும் இரண்டு அணிகளும் மல்லுக்கட்டியதில் ஆட்டம் வெகுநேரம் நின்றது. முடிவில் இந்தியாவுக்கு 33–29. ஊரெல்லாம் தீர்ப்பைப் பேசியது. அந்த வீடியோ கிடைத்தால், சண்டையை விட்டுவிட்டு அவர் காலை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

அடிபட்டுத் திரும்பும் ரெய்டரிடம் நான் முதலில் பார்ப்பது போனஸ். போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு கால் ஊன்றும்போது பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு நொடி முழு உடம்பும் ஒற்றைக்காலில். அதே காலால் உந்தித்தான் திரும்ப வேண்டும். முன்பு இடது காலால் போனஸ் எடுத்தவன் இப்போது வலது காலை நீட்டினால், ஸ்கோர் போர்டு ஒன்றும் சொல்லாது, உங்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்து, எந்தக் கார்னர் பக்கம் போக மாட்டேன் என்கிறான்? கணுக்கால் பிடி விழுந்ததும் இழுக்கிறானா, கையைத் தட்டி உட்கார்ந்துவிடுகிறானா? உட்கார்ந்தால் திட்டாதீர்கள், அது புத்திசாலித்தனமாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் கடைசி, எதிராளி பாடி வரும்போது செயினில் கை கோத்து நிற்கிறவன் அடி எடுத்து உள்ளே போகிறானா என்பது. இருப்பதிலேயே லேட்டாகத் திரும்பும் தைரியம் அதுதான்.

போன வியாழக்கிழமை திடலில் ஏழு பேரை நிற்க வைத்து அந்தப் பையனைப் பாடச் சொன்னார் அண்ணன். மூன்று ரெய்டு வெறும் நடமாட்டம். நாலாவதில் இடது கால் போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊன்றியது, வலது கால் காற்றில். உந்தித் திரும்பி வந்தான். முன்பெல்லாம் ஒவ்வொரு இறக்கத்துக்கும் குனிந்து முட்டியைப் பார்ப்பான். இந்தத் தடவை பார்த்தது அண்ணனை.

“என்னண்ணே?”

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“நாளைக்கு ஷூ எடுத்துட்டு வா.”